மண்ணைச் சோதித்த பிறகே விதை கொடுங்கள்

மாடித்தோட்டம் போட விரும்புவோருக்குத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தளைகளை வழங்கிவருகிறது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் என்று எல்லாம் அதில் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால், மொட்டைமாடி உள்ளவருக்கே அது பயன்படும். ஆற்றோரத்திலும் ஆலைச் சுவரோரத்திலும் குடியிருப்பவர் முருங்கையை நடுவதும் கீரை விதைப்பதும் வாசல் மண்ணில்தான். அந்த மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்வார் யாருமில்லை.

நகரத்து மண் ஒன்றையும் மறப்பதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்குக் கடுமையான வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் புகையாக இறங்கியதும் சுவரிலிருந்து உதிர்ந்ததும் மேல்மண்ணில் அப்படியே கிடக்கின்றன, ஈயம் மக்கிப்போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வடசென்னையின் எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் கச்சா எண்ணெய்க் கசடும் புகுந்தது. சுவரில் படிந்த கறுப்புக் கோட்டைத் தேய்த்துக் கழுவ முடிந்தது. கொல்லை மண்ணை எப்படிக் கழுவுவது?

குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மண்வள அட்டையோ 12 விவரங்களைத் தருகிறது: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து தொடங்கி கார அமில நிலை வரை. ஈயமும் காட்மியமும் அதில் இல்லை. பயிர் செழிக்குமா என்று பார்க்கிறோம். தின்பவர் நலமாக இருப்பாரா என்று பார்ப்பதில்லை.

மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சீராக்குவதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. வரவேற்கிறோம். ஆனால், நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் அப்போது சீரமைப்பு தொடங்கியிருந்தது ஏழில் மட்டுமே. குப்பைமேடுகள் பொதுவாக இந்த விதிகளுக்குள் வருவதில்லை. சென்னையின் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பழைய குப்பையைச் சலித்தால் கிடைக்கும் மண்ணை, உலோகச் சோதனை இல்லாமல் எந்தத் தோட்டத்துக்கும் அனுப்பக் கூடாது.

சூரியகாந்தியும் கடுகும் நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்று சொல்லிக் காலம் கடத்துவதும் தகாது. ஈயத்தைப் பொறுத்தவரை அது பல ஆண்டு வேலை. உறிஞ்சிய செடியும் நச்சுக் கழிவாகிவிடும். மிதமான மாசு உள்ள இடத்தில் நிறைய மக்கிய உரம் இட்டு, மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்தாலே செடிக்கு ஏறும் ஈயம் குறையும். அங்கே கீரை, முள்ளங்கியை விட்டுவிட்டுக் கத்தரி, வெண்டை, தக்காளி போடலாம். காய்க்குள் ஈயம் குறைவாகவே போகும். மாசு மிகுந்த இடத்தில் தரைக்கு மேல் பாத்தி கட்டி, நல்ல மண்ணைக் கொட்டுவதே வழி.

அந்த மண்ணுக்கு எங்கே போவது? நியூயார்க் மாநகரம் இதற்கென்றே ஒரு மண் வங்கி நடத்துகிறது. கட்டடங்களுக்குத் தோண்டும் மாசுபடாத ஆழ்மண்ணைச் சோதித்து, தோட்டங்களுக்குக் கொடுக்கிறது. சென்னையில் மெட்ரோ நிலையங்களுக்கும் அடுக்குமாடி அடித்தளங்களுக்கும் தோண்டிய மண் லாரி லாரியாகப் போகிறது. அதைச் சோதித்து, மாநகராட்சி தயாரிக்கும் மக்கிய உரத்தையும் சோதித்துக் கலந்தால், வடசென்னையின் பள்ளித் தோட்டங்களுக்கு மண் கிடைத்துவிடும்.

பள்ளி, அங்கன்வாடித் தோட்டங்களிலிருந்து தொடங்குங்கள். ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் நான்கையும் கட்டணமின்றிச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி வாசலில் மாட்டுங்கள். சோதனைக்கான செலவை மண்ணைக் கெடுத்தவர்களிடம் வசூலியுங்கள். அடுத்த சுற்றுத் தளைகளை வழங்கும் முன், மாடியில்லாதவரின் மண்ணும் ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும்.