திறந்த பாடம், பூட்டிய வாய்ப்பு

"எல்லாப் பாடமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, இன்னும் எதற்கு இடஒதுக்கீடு, விடுதி, உதவித்தொகை?" புதுச்சேரியில் மாணவர்களோடு வேலை செய்யும் நாங்கள் இதை அடிக்கடி கேட்கிறோம். கேள்வி போலத்தான் தொடங்கும். ஆனால் உள்ளே ஒரு தீர்ப்பு இருக்கிறது: இனி நீ முன்னேறாவிட்டால் அது உன் சோம்பல்.

தோழர்களே, திறந்த இணையவழிப் பாடங்களுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. 2003-இல் தொடங்கிய என்பிடெல்லும் 2017-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்வயமும் நம் வரிப்பணத்தில் உருவானவை. நுழைவுத் தேர்வால் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை ஐஐடி பேராசிரியரின் வகுப்பைக் கேட்க முடிவது நல்லதுதான். ஆனால் ஓர் உரிமை எழுத்தில் இருப்பதும் கைக்கு வருவதும் ஒன்றல்ல.

புதுச்சேரிக்கு இது தெரியும். 1881-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி, மத வழக்கம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்திட்டால் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். சமத்துவத்தை நம்பி ஒடுக்கப்பட்ட மக்களும் கையெழுத்திட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1884-இல், வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். சட்டம் கொடுத்ததைத் தேர்தல் பட்டியல் குறைத்தது.

இன்றைய கதைக்கு வருவோம். பாடம் இலவசம், சான்றிதழ் இலவசமல்ல. என்பிடெல் தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய், பட்டியல் சாதியினருக்குப் பாதி. வேலை கேட்டுப் போனால் பார்ப்பது சான்றிதழைத்தான். பெரும்பாலான வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஒற்றை அறை வீட்டில், ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பகுதிநேர வேலை முடிந்து வந்து பன்னிரண்டு வாரப் பாடத்தை முடிக்க வேண்டும்.

வசதியான நாடுகளிலேயே இது எளிதல்ல. ஹார்வர்டு, எம்ஐடி நடத்திய இணையப் பாடங்களைப் பற்றிய ஆய்வு 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு மட்டுமே. அத்தனை பேரையும் சோம்பேறி என்று யாரும் திட்டவில்லை. நம் பிள்ளைகள் பாதியில் விட்டால் மட்டும் 'தகுதி' பேச வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். பாடம் திரைக்குப் போனால் ஆசிரியர் பணியிடம் என்னவாகும்? அந்தப் பணியிடத்தில் உள்ள இடஒதுக்கீடு என்னவாகும்? இலவசப் பாடத்தைக் காட்டி நம் ஆசிரியர் வேலையைப் பறிக்க விட முடியாது.

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனது பரோடா அரசின் உதவித்தொகையில். 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியவர், 'படியுங்கள்' என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தியது. படிப்பதற்கு அறிவு மட்டும் போதாது, உட்கார இடமும் சாப்பாடும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அதையே நாங்கள் கேட்கிறோம். ஆதிதிராவிடர் நலத்துறையின் ஒவ்வொரு விடுதியிலும் கணினியும் தடையில்லா இணையமும் வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களின் தேர்வுக் கட்டணம் முழுவதையும் அரசு கட்ட வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்ல ஆட்கள் வேண்டும். இணையப் பாடத்தைக் காரணம் காட்டி ஓர் ஆசிரியர் பணியிடமும் காலியாக விடப்படக் கூடாது.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஐந்து பேர் சேருங்கள். ஒரே பாடத்தில் பதிவு செய்யுங்கள். வாரம் ஒருநாள் ஒரே திரையில் பாருங்கள். புரிந்தவர் புரியாதவருக்குச் சொல்லுங்கள். தனியாகப் படித்து தனியாகத் தோற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. நாம் கூட்டாகப் படிப்போம், கூட்டாகவே கேட்போம்.