பரமேசுவராக் கல்லூரிச் சுவர்களுக்கு யார் காவல்?

திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வாயிலைக் கடப்போருள் எத்தனை பேர், தாம் மிதிப்பது ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மண் என்பதை எண்ணுகின்றனர்? மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு பெண்களுக்கெனக் கல்லூரி கண்ட சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1921இல் பரமேசுவராக் கல்லூரியை இங்கே நிறுவினார். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாது உயர்கல்வி பெறவேண்டுமென்பது அவர் கருத்து. வகுப்பறையையும் சிவன் கோயிலையும் ஒரே வளவில் அமைத்த திட்டமே அக்கருத்தைச் சொல்லும். கொழும்பிலே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கல்லால் எழுப்பியவர் அவர். கட்டடமும் பேசும் என்பதை அறியாதவரல்லர்.

1974 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அவ்வளவிற் பல்கலைக்கழக வளாகத்தைத் திறந்து வைத்தார். தமிழரசுக் கட்சியினர் கேட்டதோ திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். கேட்டது கிடைக்கவில்லை, கிடைத்ததை நம் மக்கள் தமதாக்கிக் கொண்டனர். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை வானிலிருந்து இறங்கிப் போரிட்டதும் இம்மண்ணிலேதான். 1995இல் குடாநாடே இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் பெயர்ந்தது, பின்னர் திரும்பியது.

போருக்குத் தப்பிய பழஞ்சுவர் திருத்த வேலைக்குத் தப்புமா? இடிக்கப் போகின்றனர் என்று புரளி கிளப்புவது எம் நோக்கமன்று. ஆனால் இடித்தால்தான் அழிவென்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய கட்டடங்கள் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தவை. அவை ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்துச் சுவர் உதிரும். திருத்தியவர் பெயர் மட்டும் கல்வெட்டில் நிற்கும்!

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே புராதனச் சின்னமெனக் கொள்ளும். பிற்காலக் கட்டடங்களை அமைச்சர் வர்த்தமானி ஆணையாற் சேர்க்க வழியுண்டு. எனினும் அத்திணைக்களத்தின் கையில் எமது வளவின் திறப்பைக் கொடுக்க எவர் துணிவர்? 2021 சனவரி 8ஆந் திகதி இரவு அவ்வளவினுள் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர் வாயிலிற் கூடினர்; தூபி மீண்டும் எழுந்தது. பள்ளிக்கூடச் சுவருக்கு அவ்வாறு கூடுவார் எவருமிலர்.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் ஆதனங்களின் ஆட்சியைப் பேரவைக்கே அளித்திருக்கிறது. பரமேசுவராக் காலத்துக் கட்டடங்களை அளந்து வரைபடமாக்குக. சாந்தின் தன்மையை ஆராயாது பூச்சுவேலைக்கு ஒப்பந்தம் கோராதிருக்குக. பேரவையின் எழுத்து அனுமதியின்றி ஒரு கதவும் கழற்றப்படாதெனத் தீர்மானிக்குக. அடுத்த கூட்டத்திலேயே இதனைச் செய்யலாம். கொழும்பின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.