மீன் கடையில் பிறந்த இயக்கம்

அணுப்பிளவையும் அணுப்பிணைவையும் வகுப்பில் படிக்கிறோம், சமன்பாடு எழுதுகிறோம், மதிப்பெண் பெறுகிறோம். அந்தக் கணக்கு ஒருமுறை பிழைத்தபோது என்ன ஆயிற்று என்பதை நம் பாடநூல் சொல்வதில்லை.

1954 மார்ச் முதல் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. லிதியம்-7 சும்மா இருக்கும் என்று அறிஞர்கள் எண்ணியிருந்தனர்; அது சும்மா இருக்கவில்லை. ஏறத்தாழ 6 மெகாடன் எதிர்பார்த்த இடத்தில் 15 மெகாடன் வெடித்தது. கதிரியக்கச் சாம்பல் 23 பேர் இருந்த ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மீது மழைபோல் பெய்தது. கப்பலின் வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் மாண்டார்.

கதிரியக்கம் பட்ட மீன் சந்தைக்கும் வந்துவிட்டது. டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் மீன் வியாபாரிகளும் இல்லத்தரசிகளும் கையெழுத்து வாங்கப் புறப்பட்டனர். மறு ஆண்டு ஆகஸ்டுக்குள் நாடெங்கும் 3 கோடிக்கு மேல் கையெழுத்துகள்! பிள்ளைக்கு எந்த மீனை ஆக்கிப்போடுவது என்ற கேள்வியில் கிளம்பிய படை அது.

பிறகுதான் கட்சிகள் புகுந்தன. சோவியத் நாடு குண்டு வெடித்தால் கண்டிப்பதா, கூடாதா என்று சண்டை. 1963 ஹிரோஷிமா மாநாட்டில் இயக்கம் பிளந்தது; 1965இல் தனி அமைப்பே தோன்றியது. யார் வெடித்த குண்டு என்று அந்த இல்லத்தரசிகள் கேட்டிருப்பார்களா? அமைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டோர் 1956இல் கண்ட நிஹோன் ஹிதான்கியோ நிலைத்து நின்றதால்தானே 2024இல் நோபல் அமைதிப் பரிசு அதைத் தேடி வந்தது?

இன்றைய சிக்கல் வேறு. குண்டுவீச்சில் பிழைத்தவர்கள் 2025 மார்ச்சில் ஒரு லட்சத்துக்கும் கீழே குறைந்துவிட்டனர். சராசரி வயது 86. அவர்கள் கதையைக் கேட்டுப் பயின்று பிறருக்குச் சொல்லும் வாரிசுகளை 2012 முதல் ஹிரோஷிமா நகராட்சி உருவாக்கி வருகிறது. இது இரவல் நினைவு என்று சிலர் குறை சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டி சொன்ன பஞ்சக் கதையை நாம் இரவல் என்றா தள்ளுகிறோம்?

நாகசாகியின் பள்ளி மாணவர்கள் அமைதித் தூதர்களாக ஐ.நா.வுக்குப் போகத் தொடங்கியது 1998இல். காரணம், அவ்வாண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் நடத்திய அணுச்சோதனைகள். பொக்ரான் வெடிப்புக்கு இங்கே பலர் இனிப்பு வழங்கினர். அங்கே நம்மைவிட இளையவர்கள் மனு ஏந்தினர். நம் அறிவியல் மன்றம் இவ்வாண்டுப் பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடுகிறதாம். இதை எடுத்துக்கொள்ளலாமே! எந்த அணியில் பேசுவேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.