பசை என்று யார் சொன்னது?

மூளை என்றால் நியூரான். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அவ்வளவுதான். ஸ்கூலில் ஒரு முழுப் பக்கத்துக்கு நியூரான் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து மார்க் வாங்கியாயிற்று. கிளியா செல்களுக்கு என் நோட்டில் ஒரே வரி: 'நியூரான்களைத் தாங்கிப் பிடிக்கும்.' முக்கியமில்லை என்று டியூஷனில் சொன்னதால் அதையும் தாண்டிப் போனேன்.

அந்த ஒரு வரி ரொம்ப அநியாயம் என்பது என் கட்சி.

கோளாறு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. 1850களில் ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மன் டாக்டர், நரம்புகளுக்கு நடுவே இட்டு நிரப்பிய பசை என்று நினைத்து வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் பசை என்று அர்த்தம். ஒட்டிக்கொண்டது (பசையாயிற்றே!). நியூரானைவிட கிளியா பத்து மடங்கு அதிகம் என்ற கணக்கு வேறு. பிரேசில் விஞ்ஞானிகள் எண்ணிப் பார்த்து 2009ல் சொன்னது: நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்தே சுமார் 8,500 கோடி. சரிக்குச் சரி.

கருவில் மூளை வளரும் விதத்தைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். அங்கே 'ரேடியல் கிளியா' என்று நீள நீளமான செல்கள். பெருமூளைப் புறணியின் நியூரான்களில் பெரும்பாலானவை பிறப்பது இவற்றின் வம்சத்தில்தான். பிறந்த நியூரான் தன் இடத்துக்குப் போவதும் இவற்றின் நாரைப் பிடித்துத்தான், அகத்தியைப் பிடித்து வெற்றிலைக்கொடி ஏறுகிற மாதிரி. இதில் யார் யாருக்கு எடுபிடி?

முதலில் நியூரான்களைப் பெற்றுக்கொண்டிருந்த அதே தாய் செல்கள், பிறகு ஒரு கட்டத்தில் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியாவைப் பெற ஆரம்பிக்கின்றன. எப்போது மாறுவது என்று யார் சொல்கிறார்கள்? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஷுபா டோலேயின் குழு இதைத் துருவியது. எலிக் கருவின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கு முக்கியமான பகுதி) எல்.எச்.எக்ஸ்.2 என்ற மரபணுவை நீக்கினால் ஆஸ்ட்ரோசைட்கள் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. அதையே கூட்டினால் நியூரான் பிறப்பது நீள்கிறது. 2011ல் வெளியானது. டோலே 2014ல் இன்ஃபோசிஸ் பரிசு வாங்கினார். 2023ல் சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பின் தலைவரானார்.

பாண்டியில் பயாலஜி எடுத்தவனுக்கு ஒரே விலாசம், கோரிமேடு. ஜிப்மரில் இடம் கிடைத்தால் பிள்ளை, கிடைக்காவிட்டால் தறுதலை. ஆராய்ச்சி என்று வாயைத் திறந்தால், "எலி மூளையில எது எப்பப் பொறந்தா உனக்கென்னடா?" என்கிறார் மாமா. நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைவதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய். மூளையில் அந்த உறையைச் செய்வதே ஒரு வகை கிளியாதான் மாமா. அது எப்படிப் பிறக்கிறது என்று யாராவது எலியிடம் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

போன வாரம் ஜூனியர் ஒருவன் என் பழைய நோட்டைக் கேட்டான். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் இதையெல்லாம் பென்சிலால் கிறுக்கிக் கொடுத்தேன். பரீட்சையில் மட்டும் பழையதையே எழுதுடா, மார்க் போயிடும் என்றும் சொல்லவேண்டி இருந்தது.