துண்டு போட்டு வைத்த இடம்



கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தா போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். 1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தும் படித்து, சைக்கிளும் பழகிய தலைமுறை அவர். எழுத்துக்கூட்டியேனும் நம் இதழை அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவார். சென்ற இதழில் பால்பல் சொத்தை பற்றி வந்த சிறு குறிப்பில்தான் அவருக்குக் கோபம்.

"ஏன் தம்பி, விழப்போற பல்லுக்குப் போயி வைத்தியம் பாருங்கன்னு எழுதியிருக்கீகளே, இது நல்லாவா இருக்கு? நாங்கள்லாம் விழுந்த பல்லைச் சாணியில உருட்டி ஓட்டு மேல எறிஞ்சோம். முளைக்காமலா போச்சு?"

முளைக்கத்தான் செய்தது. நானும் எறிந்தவன்தான். ஆனால் அவர் கேட்டதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பல் தானாக விழுவது வேறு. சொத்தையாகி, வீங்கி, நாள் வருமுன்னே பிடுங்கப்படுவது வேறு. ஓட்டின் மேல் எறிந்த பல்லெல்லாம் அடியிலிருந்து புதுப்பல் முட்டி, வேர் கரைந்து விழுந்தவை. இன்று ஆறு வயதுப் பிள்ளைகளின் வாயில் நாம் பார்ப்பது அந்த விழுதல் இல்லை.

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அறந்தாங்கி வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழுமே, அதுதான் பால்பல். ஏறி உட்கார வேண்டியவர் இன்னும் படிக்கட்டுக்கே வரவில்லை. அதுவரை சீட்டைக் காக்க வேண்டியது துண்டின் வேலை. யாராவது துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாய்க்குள்ளும் அப்படித்தான். இடைவெளி கண்ட பல் முன்பக்கமாகச் சாயும். பல் எடுத்த முதல் ஆறு மாதங்களில்தான் இந்த நகர்வு அதிகம்.

என் மூத்த மகனுக்கு நடந்தது இதுதான். ஏழு வயதில் கீழ்க் கடவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகி, கன்னம் வீங்கி, ஒரு மருத்துவமனையில் பிடுங்கினார்கள். ஊர் பேர் வேண்டாம். வலி போனதே பெரிது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் அந்த இடத்துக்கு வரவேண்டிய பல் வழியில்லாமல் உள்பக்கமாக, நாக்கை உரசிக்கொண்டு முளைத்தது. அப்புறம் கம்பி கட்டி இரண்டு வருடம் அலைந்த கதையைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. தெத்துப்பல் அழகு என்று சொல்லும் ஊர் நம்முடையது. நாக்கைக் கிழிக்கும் பல்லை யாரும் அழகென்று சொல்லவில்லை.

பால்பற்கள் மொத்தம் இருபது. ஆறாவது மாதத்தை ஒட்டிக் கீழ் முன்பல்லில் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் "எல்லாம் விழப்போகிற பல்" என்று நினைத்துவிடுகிறோம். கடவாய்ப் பால்பற்களோ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. நான்கு வயதில் சொத்தை விழுந்த கடவாய்ப்பல்லுக்கு இன்னும் ஆறேழு வருட வேலை பாக்கி இருக்கிறது. அந்த ஆறேழு வருடம் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்?

அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் சத்தமில்லாமல் ஒரு பெரிய பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை, ஆடுவதுமில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை பிறக்கும் வேளையிலேயே தாடைக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிட்ட பல் அது. சாகும்வரை இருக்க வேண்டிய பல். மேலே மலையும் பள்ளமுமாக இருப்பதால் சோற்றுப் பருக்கையும் மிட்டாயும் அங்கேதான் தங்கும். இதுவும் பால்பல்தான், விழுந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். இருபது வயதில் கடவாய்ப்பல் இல்லாமல் நிற்கும் எத்தனையோ பேர் இழந்தது இந்தப் பல்லைத்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். முன்பல் விழுந்து காலியாக இருந்தால் அந்த இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். ஐந்தோடு நின்றால் இன்னும் வரவில்லை. ஆறாவதாக ஒன்று இருந்தால், அது வந்துவிட்டது.

பல் எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால் இடம் காக்கச் சின்னக் கருவி இருக்கிறது. பின்னால் இருக்கும் பல்லைச் சுற்றி ஒரு எஃகுப் பட்டை, அதிலிருந்து இடைவெளிக்கு முன்னால் இருக்கும் பல்லைத் தொடும் ஒரு கம்பி வளையம். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பல் போயிருந்தால், உள்பக்கமாக வளைந்து செல்லும் கம்பி. எல்லாப் பிள்ளைக்கும் இது தேவைப்படாது. புதுப்பல் மேலே வந்துவிடும் நிலையில் இருந்தால் தேவையில்லை. முன்பல் போனதற்குப் பெரும்பாலும் தேவையில்லை. எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். போட்டபின் மாதக்கணக்கில் மறந்துவிடவும் கூடாது. பட்டைக்கடியில் ஒட்டிய சிமென்ட் கரைந்தால் அங்கேயே புதுச் சொத்தை தொடங்கும். கமர்கட்டும் ஜவ்வு மிட்டாயும் வளையத்தைப் பெயர்த்துவிடும். புதுப்பல் எட்டிப் பார்த்ததும் கழற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் காத்த துண்டே தடையாகிவிடும்.

எத்தனை கம்பி வளைத்தாலும் அந்தப் பால்பல்லுக்கு நிகர் வராது. அதனால்தான் பிடுங்குவதற்கு முன் காப்பாற்றப் பார்க்கிறார்கள். சொத்தை நரம்புவரை போயிருந்தாலும், கெட்டுப்போன பகுதியை மட்டும் எடுத்து, மருந்து வைத்து, மேலே எஃகுத் தொப்பி மாட்டிக் காப்பாற்ற முடிகிற பற்கள் நிறைய. நரம்பைத் தொடாத சொத்தைக்கு ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் வேறு வழியில் போனார்: ஊசியும் இல்லை, துளைக்கும் கருவியும் இல்லை, சொத்தையை உள்ளேயே வைத்துத் தொப்பியைச் சிமென்டோடு அழுத்திவிடுவது. முதலில் கேட்டபோது, அழுக்கை உள்ளே வைத்து மூடுவதா என்று எனக்கும் திகைப்பாகத்தான் இருந்தது. தீனி கிடைக்காத கிருமி உள்ளேயே அடங்கிப்போகிறது என்பதுதான் அதன் கணக்கு. சொத்தையில் தடவினால் அது பரவாமல் நிற்கும் ஒரு வெள்ளி மருந்தும் இருக்கிறது, சில்வர் டயமின் புளோரைடு. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரே குறை, சொத்தை விழுந்த இடம் கரிபோலக் கறுத்துவிடும். போட்டோவில் பல் கறுப்பாகத் தெரியுமே என்று மறுக்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். கடவாயில் தடவ என்ன தயக்கம் என்று மட்டும் கேட்பேன்.

சொத்தை வராமல் தடுப்பது பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை இனிப்பு படும்போதும் வாய்க்குள் சுமார் அரைமணி நேரம் அமிலம் ஊறுகிறது. நார்த்தாமலைத் தேருக்குப் போய் ஒரு பொட்டலம் மிட்டாயை ஒரே மூச்சில் தின்று தண்ணீர் குடித்த பையனைவிட, ஒரு கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கி மத்தியானம் முழுக்கச் சப்பியவன் பல்லுக்குத்தான் ஆபத்து. சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைக்கும் அதேதான். அந்தக் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் அரித்து நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். பற்பசை மூன்று வயதுவரை அரிசியளவு, அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். பிள்ளை தானே தேய்க்கிறேன் என்று சொன்னாலும் ஏழெட்டு வயதுவரை கடைசித் தேய்ப்பு பெரியவர் கையில் இருக்கட்டும்.

இதை எல்லாம் யார் செய்வது? நியூசிலாந்து 1921-இலேயே பள்ளிப் பல் செவிலியருக்குப் பயிற்சி தொடங்கியது. பள்ளிக்கே போய்ச் சொத்தை அடைப்பார்கள், பால்பல் எடுப்பார்கள். 1950-களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் அந்நாட்டின் உதவியோடு இலங்கை அந்த வழியைப் பின்பற்றியது. மகரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இன்றும் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் வாயைப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்து உறவினர் உள்ள வாசகர்கள் விசாரித்துப் பாருங்கள். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் மெக்கானிக் என்று மூவரைத்தான் சொன்னது. பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சிகிச்சையாளர் அதில் இல்லை. அது பெரிய விடுபடல் என்பது என் எண்ணம்.

கையில் இருப்பதைப் பார்ப்போம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்கும் முப்பது குறைபாடுகளில் பல் சொத்தையும் ஒன்று. 2023 நவம்பரில் நம் ஊரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று, ஆண்டுக்கு 50 இடங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளில் சிலர் நம் இதழைப் படிப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுக்கும்போது, அந்த இடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். என் மகன் விஷயத்தில் அந்த இரண்டு வார்த்தைதான் விடுபட்டது.

இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் நேரத்தில் கீரமங்கலத்திலிருந்து மறுபடி போன். ஐந்தாறு எண்ணும் கணக்கை அப்பத்தாவுக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

"தம்பி, பேரன் வாயில டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். கீழ ரெண்டு பக்கமும் ஆறு இருக்கு. மேல அஞ்சுதான். கீழ ஆறாவதுல நடுப்பள்ளத்துல கறுப்பா ஒரு கோடு ஓடுதே, அது பூச்சியா?"

"வெறும் கறையாவும் இருக்கலாம்மா, சொத்தை தொடங்குறதாவும் இருக்கலாம். டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். நல்லா இருந்தா அந்தப் பள்ளத்தை மருந்து வச்சு அடைச்சுடுவாங்க."

"வியாழக்கிழமை பூ வண்டி டவுனுக்கு வருது. அதுல ஏத்திக்கிட்டு வாரேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அவன் பக்கத்துலதான் நிக்கிறான். ஊசி கீசின்னு சொல்லிப்புடாதீக" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்