பளபளப்பு அல்ல, காரீயம்தான் கவலை

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர், சுட்டு முடித்ததும் குனிந்து தரையில் சிதறிக் கிடக்கும் பித்தளை உறைகளைப் பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு தோட்டாவில் இருப்பவை நான்கு: உறை, அதன் அடியில் பொருத்திய பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மறுபடி பயன்படுவது உறை மட்டுமே. அதைச் சுத்தம் செய்து வீட்டிலேயே திரும்ப நிரப்புவதை ரீலோடிங் என்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அந்நாட்டின் மத்திய சட்டம் இதற்கு உரிமம் கேட்பதில்லை. விற்பதற்கு என்றால் கேட்கும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அமெரிக்காவில் ரீலோடிங் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். ஜான் பார்லோ 1884இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கான கைக்கருவிகளை விற்றது. 1958இல் ரிச்சர்ட் லீ கொண்டுவந்த எளிய கருவிப் பெட்டியால், பெரிய இயந்திரம் வாங்க முடியாதவர்களும் இதில் இறங்கினார்கள். 2020இல் கடைகளில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது மறுபடியும் ஒரு புதிய கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது.

புதிதாக வருகிறவரின் ஆசை முழுவதும் நிரப்பும் இயந்திரத்தின் மேல்தான். எந்த இயந்திரம் நல்லது, மணிக்கு எத்தனை தோட்டா தரும் என்றுதான் விசாரிப்பார். பழைய உறையைக் கழுவுவது அவருக்கு எடுபிடி வேலை; புத்தம்புதிது போல மின்னினால் வேலை முடிந்தது என்று நினைப்பார். இந்த எண்ணம் மாறவேண்டும். கறுத்துப்போன உறையும் மின்னும் உறையும் ஒன்றுபோலத்தான் சுடும். ஒட்டிய மண் துகள் கருவியைக் கீறக்கூடாது, விரிசல் இருந்தால் கண்ணில் படவேண்டும் என்ற இரண்டுக்காகவே உறையைச் சுத்தம் செய்கிறோம். அதைவிடப் பெரிய விஷயம், அந்த வேலையில் கிளம்பும் காரீயம் யார் உடம்புக்குள் போகிறது என்பது.

வழக்கமான பிரைமரில் காரீய ஸ்டிஃப்னேட் என்ற வெடிப்பொருள் இருக்கிறது. சுடும்போது அது எரிந்து, காரீயம் நுண்ணிய கரியாக உறையின் உட்புறம் படிகிறது. பலரும் உறைகளை அதிரும் தொட்டியில், மக்காச்சோளச் சக்கைத் தூளோடோ வால்நட் ஓட்டுத் தூளோடோ போட்டு மணிக்கணக்கில் ஓடவிடுகிறார்கள். கரி உறையை விட்டு அந்தத் தூளுக்கு மாறுகிறது. பிறகு மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டிச் சலிக்கும்போது சாம்பல் நிறப் புழுதி கிளம்பும். மூக்குக்குள் போவது அதுதான். சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவதும், குழந்தை தவழும் தரையில் படிவதும் அதேதான்.

இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. சுடுதளங்களில் காரீயப் பாதிப்பு பற்றிய 36 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்த மதிப்பாய்வு ஒன்று 2017இல் வெளியானது. அவற்றில் 31இல், சுடுபவர்களில் சிலருக்காவது ரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் 3.5ஐத் தாண்டினாலே கவனிக்கவேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் எல்லையைக் குறைத்தது. சமையலறை மேசையில் உறையைச் சலிப்பவரும், அதை உணவு வேகும் ஓவனில் வைத்து உலர்த்துபவரும் இந்த எண்ணை அறிந்திருக்கவேண்டும்.

ஆகவே தொடங்குகிறவருக்கு ஈர முறையே மேல். நீரும் சோப்பும் மெல்லிய எவர்சில்வர் ஊசிகளும் சேர்ந்த உருளையில் உறைகள் சுழலும்போது புழுதி பறக்காது. ஆனால் வெளியே வரும் கறுப்பு நீரிலும் காரீயம் உண்டு. அதைத் தோட்டத்துச் செடிக்கு ஊற்றக்கூடாது. கையுறை, அந்த வேலைக்கென்று தனிச் சட்டை, அறையில் தின்பண்டம் கூடாது என்ற விதி, இவை மூன்றும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கறை போக எதைச் சேர்ப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. தோட்டா உறையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் நம் வீட்டு வழக்கத்தைப் போலவே இவர்கள் சிட்ரிக் அமிலத்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். அமிலம் அதிகமானாலோ நெடுநேரம் ஊறினாலோ துத்தநாகம் கரைந்து, உறையில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும்.

அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் கிட்டவே வரக்கூடாது. இந்தப் பாடம் கிடைத்தது இந்திய மண்ணில். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தது. பின்னர் எடுத்துப் பார்த்தபோது யாரும் சுடாத உறைகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையை இழுத்து வடித்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் விளக்கினார்கள்.

கழுவிய உறையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அங்கே சுவர் மெலிந்திருக்கலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தால், மெலிந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். அந்த உறையைப் பழைய உலோகத்தோடு போட்டுவிட வேண்டியதுதான். இன்னொரு முறை தாங்கும் என்று சிக்கனம் பார்த்தால் அது துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிரியும். பொறுக்கி வந்த குவியலில் சுடாத தோட்டா ஒன்று கலந்திருக்கலாம் என்பதால், உருளையில் போடுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவதும் கட்டாயம்.

கருவி விற்கும் நிறுவனங்கள் காரீய எச்சரிக்கையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். சுடுதளம் நடத்துகிறவர்கள் காரீயத்தை நீக்கும் சோப்பைக் குழாயடியில் வைக்கவேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. புதிதாக வருகிறவரும் இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து காரீய அளவைக் குறித்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் சோதித்துப் பார்த்தால், தம் சுத்தம் செய்யும் முறை சரியா இல்லையா என்று அந்த எண்ணே காட்டிவிடும்.