அது உங்க படம் இல்லைங்க!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. கொஞ்சம் காரமா இருக்கும். "எம்புள்ளைய எப்படி வளர்க்கணும்னு எனக்குத் தெரியும், நீ யாரு சொல்ல"ன்னு கேக்குறவங்க இங்கேயே எஸ்கேப் ஆகிடலாம் :-)

நம்ம ஊர்ல ஏழெட்டு வயசுக் குழந்தை ஒண்ணைக் கூப்பிட்டு, ஒரு பேப்பரைக் கொடுத்து, "ஒரு சீனரி வரை"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு மலை. நடுவுல பாதிச் சூரியன். அங்கிருந்து வளைஞ்சு வர்ற ஒரு ஆறு. ஆத்துக்கு இந்தப் பக்கம் குடிசை, அந்தப் பக்கம் தென்னை மரம். வானத்துல டிக் மார்க் மாதிரி நாலு பறவை. முடிஞ்சது. சென்னையில மூணாவது மாடி ஃபிளாட்ல வளர்ற குழந்தையும் இதைத்தான் வரையுது. கண்ணுக்கெட்டின தூரம் மலையே இல்லாத ராமநாதபுரத்துக் குழந்தையும் இதைத்தான் வரையுது. இதெல்லாம் அந்தக் குழந்தைங்க மனசுல இருந்து வந்ததா? நாம கொடுத்ததுங்க. டிராயிங் மிஸ் போர்டுல போட்டுக் காட்டினது. அப்பா கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினது.

அதே குழந்தை மூணு நாலு வயசுல என்ன வரைஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா? ஒரு பெரிய வட்டம். உள்ளே ரெண்டு புள்ளி, கண்ணாம். வட்டத்துல இருந்தே நேரா ரெண்டு கால். உடம்பே கிடையாது. கேட்டா "இதுதான் அப்பா"ன்னு சொல்லும். இது உங்க வீட்டுக் குழந்தை மட்டும் பண்ணினது இல்லை. பல நாட்டுக் குழந்தைகளும் இந்த வயசுல இப்படித்தான் வரையுறாங்க. ஆராய்ச்சி பண்றவங்க இதுக்குத் 'தலைப்பிரட்டை மனிதன்'னே பேர் வச்சிருக்காங்க. அஞ்சாறு வயசுல பேப்பரோட அடியில ஒரு கோடு வரும், அது தரை. மேல ஒரு நீலப் பட்டை வரும், அது வானம். நடுவுல வெறும் வெள்ளை. வீட்டுக்குச் சுவர் இருக்கும், ஆனா உள்ளே பாட்டி சோறாக்குறதும் தெரியும். பிடிச்ச ஆள் வீட்டை விடப் பெரிசா இருப்பாங்க.

விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட புத்தகத்துல இந்தக் கட்டங்களை எல்லாம் வரிசையா எழுதி வச்சிட்டார். அதுக்கும் அம்பது வருஷம் முன்னாடி, 1897-ல், வியன்னாவுல ஃபிரான்ஸ் சிஸெக்னு ஒருத்தர் குழந்தைகளுக்குன்னு ஓவிய வகுப்பு ஆரம்பிச்சார். பெரியவங்க படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்க வைக்காம, அவங்களையே வரைய விடணும்கிறதுதான் அவர் கட்சி. நூத்து இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல ஆச்சு. நாம இன்னும் "டேய், யானை எங்கயாவது பச்சைக் கலர்ல இருக்குமா? அழிச்சிட்டுப் போடு"ன்னு ரப்பரை நீட்டிக்கிட்டு இருக்கோம்.

ஒரு காலனி விழா. ஆறு வயசுக்கு உட்பட்டவங்களுக்குக் கலரிங் போட்டி. பெத்தவங்க கயித்துக்கு வெளியிலதான் நிக்கணும்னு மைக்ல சொல்லிட்டாங்க. சொல்லி அஞ்சு நிமிஷம் ஆகல, ஒரு அம்மா கயித்துக்கு மேல எட்டி, "கோட்டை விட்டு வெளியில போகுது பாரு, வெளியில போகுது பாரு"ன்னு கத்துறாங்க. இன்னொருத்தர் உள்ளேயே போய்ட்டார். "தண்ணி குடுக்க வந்தேன்"னு சொல்லிக்கிட்டே பொண்ணு கையில இருந்து பச்சையைப் பிடுங்கி நீலத்தைத் திணிக்கிறார். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல. கிரேயானைக் கீழ வச்சிட்டு, அப்பா முடிக்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. அந்தப் படத்துக்கு ரெண்டாம் பரிசு. யாருக்குக் கொடுத்தாங்கன்னுதான் இன்னும் விளங்கல.

"பரிசு வாங்கினா உற்சாகமா இருக்கும்ல"ன்னு ஒரு வாதம் வரும். 1973-ல் அமெரிக்காவுல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் நர்சரிக் குழந்தைகளை வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. எல்லாமே ஸ்கெட்ச் பேனாவுல ஆசையா வரையுற குழந்தைங்க. ஒரு குரூப்புக்கு "வரைஞ்சா ரிப்பன் வச்ச சர்டிபிகேட் தருவேன்"னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ரெண்டாவது குரூப்புக்குச் சொல்லாம, வரைஞ்ச பிறகு கொடுத்தாங்க. மூணாவது குரூப்புக்கு எதுவும் இல்லை. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, சர்டிபிகேட்டுக்காக வரைஞ்ச குழந்தைங்க தானா வரையுற நேரம் மத்தவங்களை விடப் பாதியாக் குறைஞ்சிருந்தது. சொல்லாமக் கொடுத்த குரூப்புக்கு ஒண்ணும் ஆகல. ஆக, பரிசை ஆசை காட்டி வரைய வச்சதுதான் பிரச்சினை. பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டு இருந்த குழந்தைக்கு அதை ஒரு வேலையா மாத்திட்டாங்க.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "அப்ப கத்தே கொடுக்கக் கூடாதா? பாட்டு கிளாஸ், பரதநாட்டிய கிளாஸ் எல்லாம் வேஸ்டா?" அப்படி யாருங்க சொன்னா? சரளி வரிசை பாடித்தான் ஆகணும், அடவு போட்டுத்தான் ஆகணும். அந்தக் கலைகளுக்கு இலக்கணம் இருக்கு, குரு இருக்கார், குழந்தைக்கு ஆசை இருந்தா தாராளமா அனுப்புங்க. நான் சொல்றது குழந்தை தானா பண்ற விஷயத்தை. தன் பாட்டுக்கு முணுமுணுக்கிற பாட்டு, நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதுற கதை, சுவத்துல கிறுக்குற படம். அதுக்குள்ள நீங்க டீச்சரா நுழையாதீங்க. "குதிரைக்கு முட்டி எப்படி மடங்கும்?"னு அதுவே வந்து கேட்டா உக்காந்து சொல்லிக் கொடுங்க. கேக்காதப்ப எதுக்குங்க?

இப்ப ஃபோன் வேற வந்துடுச்சு. குழந்தை ஒரு கோடு போட்டவுடனே ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடு. ஆடினா ரீல்ஸ். லைக் கம்மியா வந்தா "இன்னொரு தடவை ஆடு கண்ணா, இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே". குழந்தைகிட்ட ஒரு வார்த்தை, "அனுப்பட்டுமா?"ன்னு கேட்டோமா?

சினிமா, டிவிக்காரங்களுக்குச் சட்டம் இருக்கு தெரியுமா? 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 2017-ல் விதிகளும் போட்டாங்க. குழந்தையை நடிக்க வைக்கணும்னா மாவட்ட நிர்வாகத்துகிட்ட அனுமதி வாங்கணும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது. ஓய்வில்லாம 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பாதிக்கிறதுல 20 சதவீதமாவது குழந்தை பேர்ல வங்கியில வைப்பு நிதியாப் போடணும். எந்த அளவுக்கு நடக்குதுங்கிறது வேற விஷயம், கேக்குறதுக்கு ஒரு விதியாவது இருக்கு. வீட்டு ஹால்ல ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு, தூக்கக் கலக்கத்துல இருக்கிற குழந்தையைப் பத்தாவது டேக் எடுக்கிற அப்பாவை எந்த அதிகாரி வந்து கேக்கப் போறார்? அங்கே நீங்கதான் அதிகாரி, நீங்கதான் புரொடியூசரும். 1989-ல் ஐ.நா. கொண்டு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையோட உரிமைன்னு சொல்லுது. இந்தியாவும் 1992-ல் அதை ஏத்துக்கிச்சு. நம்ம ஹாலும் இந்தியாவுலதானே இருக்கு?

சும்மா திட்டிட்டுப் போனா எப்படி, என்னதான் பண்ணலாம்னு கேப்பீங்க. பெரிசா ஒண்ணும் வேணாம். ஒரு பக்கம் பிரிண்ட் ஆன பேப்பரை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில போட்டு, கைக்கு எட்டுற இடத்துல வைங்க. கிரேயான், சாக்பீஸ், கொஞ்சம் களிமண். வாடகை வீடுன்னா ஓனர் திட்டாம இருக்க ஒரு சார்ட் பேப்பரைச் சுவத்துல ஒட்டி விடுங்க. "என்ன இது?"ன்னு கேக்காதீங்க, அது மாமியார் கேள்வி. "இதைப் பத்திச் சொல்லேன்"னு கேளுங்க. அரை மணி நேரம் கதை வரும். "சூப்பர், பிக்காசோ"ன்னு ஏத்தியும் விட வேணாம். எங்க சிவப்பு நிறைய இருக்கோ அதைக் கவனிச்சுச் சொன்னாப் போதும். படத்துக்குப் பின்னாடி தேதி எழுதி எடுத்து வைங்க. நோட்டைப் படிக்கணும்னா கேட்டுட்டுப் படிங்க. "வேணாம்"னு சொன்னா வேணாம்தான். உங்க டைரியை மாமனார் எடுத்துப் படிச்சா எப்படி இருக்கும்?

ரொம்ப முக்கியமா, சும்மா இருக்க நேரம் கொடுங்க. திங்கள் கீபோர்டு, செவ்வாய் அபாகஸ், புதன் செஸ், வியாழன் ஹிந்தின்னு டைம்டேபிள் போட்டுட்டு, "எம்பொண்ணுக்குக் கிரியேட்டிவிட்டியே இல்லை"ன்னு புலம்பினா அது எந்த நேரத்துல வரும், சொல்லுங்க?

வரைஞ்சு வரைஞ்சு ஒரு நாள் அது ஓவியர் ஆகலாம். பத்து வயசுல விட்டுட்டு ஃபுட்பால் ஆடப் போகலாம். ரெண்டுமே நஷ்டம் இல்லை. நம்மால ஓவியர் ஆக முடியலையேங்கிற குறை நமக்கு இருந்தா, கடைக்குப் போய் நமக்குன்னு தனியா ஒரு கிரேயான் டப்பா வாங்கிக்குவோம். பத்து இருபது ரூபாய்க்கே கிடைக்குது.

திட்ட நினைக்கிறவங்க தாராளமாத் திட்டலாம். ஆனா அதுக்கு முன்னாடி இன்னிக்குச் சாயந்திரம் பிள்ளை வரையும்போது ஒரு பத்து நிமிஷம் வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு வந்து திட்டுங்க.